சீக்கிரமாகக் கிடைக்கும் நான்காவது கோடு

இந்த மாதத்தில் மட்டும் உங்களில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தீர்கள். ஒருவர் பினாங்கில், பாயான் பாருவில் உள்ள என் வீட்டுக்கே வந்தார். ஒருவர் போனில் பிடித்தார். இன்னொருவர் ஒரு கல்யாணத்தில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சாம்பார் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "அண்ணே, இங்கயே இருந்தா கேப்டன் ஆக இன்னும் எட்டு வருஷம் ஆகும். அங்க போனா ஒன்றரை வருஷம்தான். என்ன செய்யட்டும்?" மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். விமானக் கேப்டனுக்கான நான்காவது கோடு என் தோளில் ஏறியபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. என்னோடு பயிற்சி முடித்த ரவிக்கு முப்பத்தேழிலேயே ஏறிவிட்டது. இவ்வளவு தாமதமாக வந்தவனிடம் யோசனை கேட்பதா என்று உங்களுக்குத் தோன்றினால், இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ரவியிடம் போய்க் கேட்கலாம். அவனும் நல்ல மனிதன்தான்.

நம் தொழிலில் ஒருவனுடைய தலையெழுத்து ஓர் எண். வேலையில் சேர்ந்த தேதியை வைத்துப் பட்டியலில் நமக்கு ஓர் இடம் கொடுப்பார்கள். மேலே இருப்பவர் ஒருவர் போனால் கீழே இருப்பவர்கள் எல்லாரும் ஒரு படி ஏறுவார்கள். நன்றாக ஓட்டினாலும் சரி, சுமாராக ஓட்டினாலும் சரி, முறை வரும்வரை வலது பக்க இருக்கையில் துணை விமானியாகவே காத்திருக்க வேண்டும். வேறு நிறுவனத்துக்குப் போனால் பட்டியலின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். கேப்டன்கள் போதாமல் தவிக்கிற புது நிறுவனம் என்றால் மட்டும் கதை வேறு.

முப்பத்தாறு வயதில் என்னிடம் ஒரு சின்ன நோட்டுப்புத்தகம் இருந்தது. எங்கள் நிறுவனத்தில் எந்தக் கேப்டனுக்கு எப்போது ஓய்வு வயது வருகிறது என்று அதில் எழுதி வைத்திருந்தேன். என் மனைவி மாலதியின் பிறந்தநாளை இரண்டு முறை மறந்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதான கேப்டன்களின் பிறந்தநாளை ஒருமுறைகூட மறந்ததில்லை. சிரிக்காதீர்கள், உங்களிடமும் அந்தக் கணக்கு இருக்கிறது. என்ன, நீங்கள் போனில் வைத்திருப்பீர்கள்.

ஒருநாள் ஒரு கேப்டன் மருத்துவப் பரிசோதனையில் தவறிவிட்டார் என்று செய்தி வந்தது. இருதயத்தில் கோளாறு, இனி பறக்க முடியாது. அவரோடு நான் எத்தனையோ முறை பறந்திருக்கிறேன், என்னிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர். "ஐயோ பாவம்" என்று வாய் சொன்னது. மனது அதற்குள் பட்டியலில் ஒன்றைக் கழித்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துப் பூலாவ் தீக்கூஸில் ஒரு கோப்பிக் கடையில் அவரைப் பார்த்தேன். எனக்கும் சேர்த்துத் தேநீர் சொன்னார். "என்ன தம்பி, ஒரு நம்பர் மேல ஏறிட்ட போல" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. "வெக்கப்படாத லா. நானும் அப்படித்தான் ஏறி வந்தேன்" என்று சிரித்தார்.

அன்றைக்கு எனக்கு என் மீதே அருவருப்பாக இருந்தது. அடுத்தவன் இருதயம் எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு பிழைப்பா என்று நினைத்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நிறுவனம் மாற நினைப்பவன் எல்லாம் பேராசைக்காரன் என்று சில கேப்டன்கள் உங்களைத் திட்டுவார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள். கிளம்புவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு, எனக்கும் இருந்தன.

இன்னொரு காரணம் சுங்கை பாக்காப்பில் இருந்தது. என் அப்பா தோட்டத்தில் முப்பது வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அவரைப் பொறுத்தவரை எந்த வண்டியிலும் இரண்டே பேர்தான்: ஓட்டுகிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றி இறக்க உதவுகிற கெலிண்டான் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை தீவிலிருந்து பாலம் தாண்டி அவரைப் பார்க்கப் போவேன். காடியை நிறுத்தி இறங்குவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"என்னடா, இன்னும் கெலிண்டான்தானா?"

"அப்பா, அப்படி இல்லப்பா. பாதி நாள் நான்தான் ஓட்டுறேன். நான்தான் எறக்குறேன்."

"எறக்குவ. பிரேக் புடிக்கலன்னா யார பாப்ப?"

அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றால், "நீ ஓட்டுறப்ப சொல்லு, வரேன். கெலிண்டான நம்பி எல்லாம் ஏற முடியாது" என்பார். அப்போது அவருக்கு எழுபத்து மூன்று. கேலிதான், ஆனால் பாலத்தில் திரும்பி வரும்போதெல்லாம் அந்த நோட்டுப்புத்தகம் நினைவுக்கு வரும். என் பட்டியல்படி இன்னும் ஏழு வருடம் ஆகும். அவருக்கு எண்பது ஆகிவிடும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

இந்த நிலையில்தான் வெளிநாட்டில் புதிதாகத் தொடங்கிய ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. பதினோரு விமானங்கள் வாங்குகிறார்கள், ஒரே வருடத்தில் கேப்டன் ஆக்குகிறோம் என்றார்கள். ரவி அதற்கு முந்தைய வருடமே இன்னொரு நிறுவனத்துக்குப் போயிருந்தான். போனில் கூப்பிடும்போதெல்லாம், "என்னடா, இலவு காத்த கிளி எப்படி இருக்கு?" என்று விசாரிப்பான். எனக்கும் ஆசை பற்றிக்கொண்டது. மாலதியும் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களுடைய தேர்வுக்குப் போனேன்.

மொத்தம் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம், எல்லாரும் வருடக்கணக்காக வலது பக்கம் உட்கார்ந்து சலித்தவர்கள். சிமுலேட்டரில் என்னைக் கேப்டனுடைய இடது பக்க இருக்கையில் உட்கார வைத்தார்கள். வலது பக்கம் அவர்களுடைய ஆள் ஒருவர். பின்னால் தேர்வாளர், நம் பக்கம் பட்டர்வொர்த்தில் பிறந்து அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த தமிழ் முஸ்லிம் ஒருவர். பாதி வழியில் ஒரு பயணிக்கு நெஞ்சு வலி என்று சோதனைக்காக ஒரு தகவல் கொடுத்தார்கள். பக்கத்தில் இருக்கிற விமான நிலையத்தில் மழை கொட்டுகிறது, ஓடுபாதையும் குட்டை. நல்ல விமான நிலையம் நாற்பது நிமிடம் தள்ளி இருக்கிறது. அந்தப் பயணிக்கு நாற்பது நிமிடம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

பக்கத்தில் இருப்பதற்கே போவோம் என்றேன். இறங்கும்போது பின்காற்று வலுத்தது. இறக்காமல் மேலே கிளப்பினேன். காற்று திரும்பும்வரை இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்று ஓர் எல்லை வைத்தேன், அதற்குள் இறக்கிவிட்டேன். வெளியே வரும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

தேநீர் இடைவேளையில் தேர்வாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"முடிவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா ஒவ்வொரு தடவயும் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி எடது பக்கம் திரும்பி ஜன்னல பாத்தியே, அங்க யார தேடுன?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது சூடாகிவிட்டது. பத்து வருடமாக என் இடது பக்கத்தில் ஒரு கேப்டன் இருந்தார். ஒன்றைச் சொல்லுமுன் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் தலை லேசாக அசையும், பிறகு பேசுவேன். இப்போது அவருடைய இடத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் கழுத்து பழைய வேலையைச் செய்திருக்கிறது. எனக்கு இடது பக்கம் இருந்தது வெறும் கண்ணாடி.

"எத்தன தடவ?" என்று கேட்டேன்.

"ஆறு. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்போ ஃபெயிலா அண்ணே?"

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "யாரும் ஃபெயில் இல்ல தம்பி. பதினோரு ப்ளேன் வருது லா."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதை நான் கவனிக்க விரும்பவில்லை. தேறிவிட்டேன் என்ற கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

வீட்டில் மாலதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலைப் பார்த்த கதையையும் ஒரு வேடிக்கை போலச் சொன்னேன். அவள் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவின் மேற்பார்வையாளர். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எத்தன பேரு போனீங்க?"

"பன்னெண்டு பேரு."

"எத்தன பேரு பாஸ்?"

"பன்னெண்டும்தான்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எங்க லைன்ல பன்னெண்டுக்குப் பன்னெண்டும் பாஸ் ஆனா நாங்க சந்தோஷப்பட மாட்டோங்க. லைன நிறுத்திட்டு, கெட்டுப்போன பீஸ் ஒண்ண தெரிஞ்சே உள்ள போட்டுப் பாப்போம். அதையும் பாஸ் பண்ணிச்சுன்னா டெஸ்ட் மெஷின்லதான் கோளாறு."

"அப்போ நான்தான் அந்தக் கெட்டுப்போன பீஸா?"

"கோவப்படாதீங்க லா. சரி பண்ணிக்கலாம். ஆனா சரி பண்றதுக்கு முன்னாடி ஷிப்மெண்ட் பண்ணக் கூடாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து வருடம் பறந்தவனிடம் ஒரு தொழிற்சாலைக்காரி பேசுகிற பேச்சா இது என்றுகூட நினைத்தேன், அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. எஸ்பிளனேடில் கடலைப் பார்த்து நடந்தேன். எத்தனை சுற்று நடந்தாலும் ஒரே கேள்விதான் வந்து நின்றது. என் குறையைப் பார்த்தவர் அந்தக் கட்டடத்தில் இருந்தார், அதை எண்ணியும் வைத்திருந்தார். ஆனால் என்னை நிறுத்தி வைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நான் தேறினேன் என்பதற்கு என்ன அர்த்தம்? நாளைக்கு எனக்குப் பின்னால் நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது, அவர்களுக்கு அந்தக் கடிதம் எந்த விதத்தில் உதவும்? போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

இது சும்மா கிடைத்த முடிவு இல்லை. எனக்கு நாற்பத்தொரு வயதானபோது, எழுபத்தெட்டில் அப்பா போய்விட்டார். நான் கேப்டன் ஆக அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆனது. கடைசிவரை அவர் விமானத்தில் ஏறவில்லை. அந்தப் புது நிறுவனத்துக்குப் போயிருந்தால் அவரை முதல் வரிசையில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். இது எனக்கு இன்றும் வலிக்கிறது. நல்ல முடிவு எடுத்தால் மனது லேசாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். சரியான முடிவுக்கும் விலை உண்டு, அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

மீதி வருடங்களை நான் உட்கார்ந்து தேய்க்கவில்லை. எங்கள் கேப்டன்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன்: "ஏதாவது பிரச்சினை வந்தா, நேரம் இருந்தா, நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் என்ன செய்வேன்னு சொல்லிடுறேன். அப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க." சிலர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர், "வாத்தியார் வேலைக்கா வந்தேன்?" என்று எரிந்து விழுந்தார். கேப்டனின் முகத்தைப் பார்க்காமல் சொல்லப் பழக எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பழக்கம் போனபோதுதான் அது எவ்வளவு ஆழமாக இருந்தது என்று தெரிந்தது.

அப்புறமும் என் முறை வந்தபோது எங்கள் நிறுவனம் எனக்கு முதல் தடவையிலேயே தேர்ச்சி கொடுத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தோற்றேன். இந்த முறை வேறு வியாதி. யாரையும் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டும் என்கிற வீம்பில், வலது பக்கத் துணை விமானி இரண்டு முறை சொன்ன ஒரு விஷயத்தை நான் காதிலேயே வாங்கவில்லை. "பக்கத்துல ஒருத்தர் இருந்தாரு, ஞாபகம் இருக்கா?" என்று தேர்வாளர் கேட்டார். ஏழு வருடம் காத்திருந்து கிடைத்த பலன் இது. அவமானத்தில் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. ஆனாலும் மனதுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இங்கே ஒருவர் என் குறையைப் பார்த்தார், பார்த்ததும் நிறுத்திவிட்டார். நான்கு மாதம் கழித்து அதே ஆள் எனக்குத் தேர்ச்சி கொடுத்தபோது, தோளில் ஏறிய அந்த நான்காவது கோட்டை நான் முழுதாக நம்பினேன்.

அந்த நம்பிக்கை எதற்கு என்று கேட்பீர்கள். கேப்டனாகி மூன்றாவது மாதம், நம் பாயான் லெப்பாஸ் ஓடுபாதைக்கு நேர் மேலே இடி மழை. ஒருமுறை இறங்கப் பார்த்து மேலே வந்துவிட்டோம். இன்னொருமுறை முயன்றுவிட்டுப் பக்கத்துத் தீவான லங்காவிக்குப் போக எரிபொருள் மட்டுமட்டாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் பினாங்குக்காரர்கள், ஜன்னல் வழியாகத் தங்கள் வீட்டு விளக்குகளையே பார்த்தவர்கள். துணை விமானியைக் கேட்டேன், அவர் சொன்னதைக் கேட்டேன், லங்காவி என்றேன். எல்லாம் அரை நிமிடம். அங்கே இறங்கியதும் ஓர் ஆள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேராகத் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டு நிற்கும்போதும் எனக்கு என் முடிவில் சந்தேகம் வரவில்லை.

அதனால் போகவே போகாதீர்கள் என்று சொல்கிறேனா? இல்லை. ரவி போனான். அவன் நிறுவனத்திலும் ஒன்றரை வருடம் என்றுதான் சொன்னார்கள். அவனோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேரைத் தேர்வில் நிறுத்திவிட்டார்கள். அவனையே சொன்ன காலத்துக்கு மேல் எட்டு மாதம் வலது பக்கத்தில் வைத்திருந்தார்கள். "ஏமாத்திட்டாங்கடா" என்று போனில் கத்தினான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. அந்த எட்டு மாதம்தான் தன்னைக் கேப்டன் ஆக்கியது என்று பிறகு அவனே சொன்னான். அவன் போனது சரி, நான் போகாதது சரி. எத்தனை வருடம் என்பது இரண்டாவது கேள்வி. உங்களிடம் குறை இருந்தால் நிறுத்தி வைக்கிற துணிச்சல் அங்கே யாருக்காவது இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தது தற்செயலாகத்தான். வரவில்லை என்று சொல்ல, அந்த முப்பத்தாறு வயதில் ஒரு காலையில், எனக்குக் கடிதம் கொடுத்த புது நிறுவனத்துக்குப் போன் செய்தேன். மாலதி வேலைக்குக் கிளம்பி, பையோடு வாசலில் நின்றிருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். மறுமுனையில் ஒரு பெண், நல்ல மரியாதையான குரல். சுற்றி வளைக்காமல் உண்மையையே சொன்னேன். "உங்கள் அழைப்புக்கு நன்றி. ஆனால் ஒரு வருடத்தில் கேப்டன் ஆகிற அளவுக்கு நான் தயாராக இல்லை என்று நினைக்கிறேன்."

ஒரு நிமிடம் இருங்கள் என்றாள். போனில் பாட்டு ஓடியது. திரும்பி வந்தபோது அவள் குரலில் அவ்வளவு உற்சாகம்.

"மேலிடத்தில் பேசிவிட்டேன் கேப்டன். உங்களைப் போன்ற அனுபவசாலிக்கு ஒரு வருடம் அதிகம்தான். ஆறு மாதத்தில் கொடுத்துவிடுகிறோம்."

மாலதி பையைத் தோளில் மாட்டினாள். "பஸ் வந்துரும், நான் வரேன்" என்று தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க இறங்கிப் போனாள்.

அதனால் தம்பிகளே, தங்கைகளே, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். நான் இன்னும் தயாராக இல்லை என்று சொல்லுங்கள். அப்படியென்றால் வாருங்கள், ஆகும்வரை பழக்குகிறோம், எவ்வளவு நாள் ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது என்று பதில் வந்தால், மறுநாளே பெட்டியைக் கட்டுங்கள்.